வலது ஓரத்தில் பத்தொன்பது பேர்

இந்த உலகத்தில் இன்று நிமிர்ந்து நடக்கிறவர்களில் பாதிப் பேர் சித்தியின் கட்டைவிரலால்தான் நடக்கிறார்கள். மீதிப் பாதிக்கு இன்னும் முறை வரவில்லை. சித்தி மட்டும் கொஞ்சம் முன்னாடி பிறந்திருந்தால், மனுஷன் நாலு காலிலிருந்து ரெண்டு காலுக்கு வருவதற்கு அத்தனை லட்சம் வருஷம் பிடித்திருக்காது. ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாற்பது நிமிஷம். வேலை முடிந்திருக்கும்.

சித்தி பிசியோதெரபிஸ்ட். காலையில் பாதி நாள் ஒரு கிளினிக், அப்புறம் ஸ்கூட்டரில் வீடு வீடாக. குளியலறையில் வழுக்கி விழுந்தவர்கள், மூட்டு மாற்றிக்கொண்டவர்கள், ஒரு பக்கம் விளங்காமல் போனவர்கள் என்று அத்தனை பேரையும் மடக்கி நீட்டி, திட்டி, கெஞ்சி, திரும்ப நடக்க வைப்பாள். "ஐயோ அம்மா" என்று கத்தினால், "அம்மா வீட்ல இல்ல, நான்தான் இருக்கேன், இன்னும் பத்து எண்ணுங்க" என்பாள். எல்லாரும் அவளை டாக்டரம்மா என்பார்கள். "நான் டாக்டர் இல்லீங்க" என்று அவளும் ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஒருத்தர்கூடக் கேட்டபாடில்லை.

ஒரே ஒரு குறை. சித்திக்குப் பெயரும் முகமும் மனதில் நிற்காது. மூட்டுதான் நிற்கும். ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில், சோப்பு அலமாரிக்கு எதிரே ஓர் ஆளை நிறுத்தி, "நீங்க வலது தோள்தானே? சட்டையைக் கொஞ்சம் இறக்குங்க, பார்த்துடறேன்" என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற அவர் மனைவி பார்த்த பார்வையில் சோப்பே கரைந்திருக்கும்.

அதனால் லேப்டாப்பிலும் யாருக்கும் பெயர் கிடையாது. இடுப்பு 1, இடுப்பு 2, கழுத்து 6, தோள் 12, முழங்கால் 58. ஆளுக்கு ஒரு ஃபைல். உள்ளே ஃபோன் நம்பர், என்னென்ன பயிற்சி, எத்தனை தடவை, எந்த இடத்தில் கத்தினார் என்பது வரை இருக்கும். மொத்தம் இருநூற்றுப் பதினாலு ஃபைல். ஃபோல்டர் எதுவும் இல்லை. அத்தனையும் திரை முழுக்க, யாரோ அரிசியை வீசியெறிந்த மாதிரி சிதறிக் கிடக்கும்.

லேப்டாப்புக்கும் ஒன்பது வயது. மூடியின் கீல் உடைந்து, கணுக்காலுக்குச் சுற்றுகிற கிரேப் பேண்டேஜைச் சுற்றி வைத்திருந்தாள். ஆன் செய்தால் மாவு மில் மாதிரி சத்தம் வரும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவளுக்குக் கடைசியில் கிளினிக்காரர்கள் ஒரு வேலை வைத்தார்கள். இனிமேல் ரிப்போர்ட் எல்லாம் புது வெப்சைட்டில்தான் ஏற்ற வேண்டும், அது பழைய சிஸ்டத்தில் திறக்காது, திங்கட்கிழமைக்குள் சிஸ்டத்தைப் புதிசாக்கிக்கொள்ளுங்கள் என்று.

சித்தி நேராக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி, கீழ் வீட்டுக்கு வந்தாள். கீழ் வீட்டில்தான் வாலு இருந்தாள்.

வாலு, சித்தியின் அக்கா மகள். பதினாறு வயது. பத்தாம் வகுப்பில் ரெண்டு பாடம் போய்விட்டதால் படிப்புக்கு ஓய்வு கொடுத்திருந்தாள். படிப்பும் அவளுக்கு ஓய்வு கொடுத்திருந்தது. ஒருமுறை பக்கத்து வீட்டு பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைப் பிடுங்கிக் கொடுத்ததிலிருந்து, தெருவில் அவள்தான் கம்ப்யூட்டர் மேதை. சித்தியின் ஃபோனில் ரிங்டோனை நாய் ஊளையாக மாற்றியவளும் அவள்தான். ஒரு நோயாளியின் முதுகில் கை வைத்திருந்தபோது அது ஊளையிட்டு, அந்த மனுஷன் மூன்று மாசமாகத் தூக்க முடியாத காலைத் தூக்கிவிட்டார் என்பது வேறு விஷயம்.

"உன்னை நம்பித் தரேன்டி. விளையாடிடாதே," என்றாள் சித்தி.

"என்ன சித்தி, என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் சொல்றேன். இதுல இருக்கறது ஒண்ணுகூடப் போகக் கூடாது."

"பேக்கப் எடுத்துட்டுத்தான் கை வைப்பேன். ஒரு ஃபைல் குறைஞ்சாலும் என் காதை அறுத்துக்கோ."

"உன் காது எனக்கெதுக்கு? அது எதையும் கேக்கறதே இல்லையே," என்று சொல்லிவிட்டு சித்தி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வாலு ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, எல்லாவற்றையும் காப்பி போட்டாள். ஃபைல்கள், உடற்பயிற்சி வீடியோக்கள், எலும்புக்கூடு படங்கள், பழைய ரிப்போர்ட்டுகள். ரெண்டு மணி நேரம் ஆகும் என்றது லேப்டாப். கிழட்டு லேப்டாப், எறும்பு சர்க்கரை தூக்குகிற வேகத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போயிற்று. முடிந்ததும் வாலு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாள். இங்கே இருநூற்றுப் பதினாலு, அங்கேயும் இருநூற்றுப் பதினாலு. பத்து ஃபைலைத் திறந்தும் பார்த்தாள். இவ்வளவு ஒழுங்காக அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்குகூடப் போட்டதில்லை.

ஆனால் ரெண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாளே, அந்த இடைவெளியில் ஒரு காரியம் நடந்துவிட்டது. கை தவறிவிட்டது. சும்மா இருந்த கை, மவுஸின் மேல் இருந்த கை, தவறிவிட்டது. அரிசி மாதிரி சிதறிக் கிடந்த இருநூற்றுப் பதினாலு ஐகானும் சடசடவென்று ஓடி, பெயர் வரிசைப்படி, இடது மூலையிலிருந்து வரிசை கட்டி நின்றுவிட்டன. முதலில் இடுப்பெல்லாம், அப்புறம் கணுக்காலெல்லாம், கழுத்தெல்லாம், தோளெல்லாம், கடைசியில் முழங்காலெல்லாம். திரும்பப் பழையபடி வைக்கலாம் என்று பார்த்தாள். கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினாள். அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். ஃபைலை அழித்தால் மீட்கலாம். கலைந்த இடத்தை மீட்க அதில் வழியே இல்லை.

போகட்டும், ஃபைல் ஒன்றும் போகவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். குப்பையாகக் கிடந்ததுதானே, சுத்தமாகிவிட்டது. புது சிஸ்டத்தை ஏற்றினாள். சாயங்காலம் லேப்டாப் புத்தம்புதிதாக எழுந்து உட்கார்ந்தது. பேண்டேஜ் மட்டும்தான் பழசு.

சித்தி வந்து பார்த்தாள். "ஏண்டி, எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி வரிசையா நிக்குது?"

"புது சிஸ்டம் சித்தி. அது அப்படித்தான் அடுக்கும்."

"ஓ," என்றாள் சித்தி. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "ஃபைல் எல்லாம் இருக்குல்ல?"

"எண்ணிட்டேன். ஒண்ணு குறையல."

"அது போதும். நீ இல்லேன்னா நான் என்னடி பண்ணியிருப்பேன்," என்று சொல்லி வாலுவின் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினாள். வாலுவுக்கு அப்போது ஒன்றும் உறுத்தவில்லை.

உறுத்தியது செவ்வாய்க்கிழமை.

சித்திக்கு ஒரு வழக்கம் உண்டு. சிகிச்சை முடிந்து போனவர்களுக்கும் தினம் காலையில் நாலைந்து பேருக்காவது ஃபோன் போடுவாள். காசுக்கு இல்லை. "ஃபோன் வரும்ங்கற பயத்துலதான் பாதிப் பேர் பயிற்சி பண்றாங்க" என்பாள். அன்றைக்கும் மாடியில், லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் ரொட்டியுமாக, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு ஆரம்பித்தாள். வாலு ரொட்டிக்காக அங்கே இருந்தாள்.

இரண்டு இடுப்பு பேசியாயிற்று. அடுத்தது கழுத்து 6.

"அம்மா, நான் பிசியோதெரபி பேசறேன். ஐயா எப்படி இருக்கார்? சொன்ன பயிற்சியெல்லாம் பண்றாரா, இல்ல படுத்தே கிடக்கறாரா? படுக்க விடாதீங்க. எழுப்பி உட்கார வைங்க."

சித்தி டீயை உறிஞ்சினாள். "ஹலோ?"

"டாக்டரம்மா," என்றது ஒரு வயதான குரல். கோபமே இல்லை. "அவர் போய் ஒன்றரை வருஷம் ஆச்சும்மா. நீங்ககூட வந்திருந்தீங்களே. சாயங்காலம் வரைக்கும் என் பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்க."

சித்தியின் கையிலிருந்த ரொட்டி டீக்குள் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. என்னென்னவோ சொல்லி மன்னிப்புக் கேட்டாள். "பரவாயில்லம்மா, உங்களுக்கு எத்தனை பேரு" என்று அந்த அம்மாதான் இவளைத் தேற்றினாள். சித்தி ஃபோனை வைத்தாள்.

"நம்பர் மாறிப்போச்சா சித்தி?"

"இல்லடி. இடம் மாறிப்போச்சு." சித்தி திரையைத் தொட்டுக் காட்டினாள். "இங்க இடது ஓரத்துல, இந்த வாரம் போக வேண்டியவங்களை வச்சிருந்தேன். நடுவுல, நல்லா நடமாடறவங்க. அவங்களுக்குத்தான் ஃபோன். இதோ, இந்த வலது ஓரம் இருக்கே, அது போனவங்களுக்கு."

"போனவங்கன்னா?"

"போனவங்கதான். பத்தொன்பது பேர். அழிக்கக் கை வரல. உள்ள எழுதி வைக்கவும் கை வரல. நடுவுல விட்டா ஃபோன் போட்டுடுவேன், என் புத்திதான் உனக்குத் தெரியுமே. அதான் ஓரமா உட்கார வச்சேன்." டீயைத் தள்ளி வைத்தாள். "புது சிஸ்டத்தைச் சொல்லி என்ன பிரயோஜனம்? போய் உட்கார்ந்துட்டு வந்த வீட்டையே மறந்துருக்கேன் பாரு. நானெல்லாம் மனுஷியா?"

வாலு வாயைத் திறந்தாள். சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு நொடிதான் ஆகும்.

"நல்லவேளை, ஃபைலையாவது நீ காப்பாத்திக் கொடுத்தே," என்றாள் சித்தி. வாலுவின் வாய் தானாக மூடிக்கொண்டது.

அதற்கப்புறம் சித்தி யாருக்கும் ஃபோன் போடவில்லை. புதன்கிழமையும் இல்லை, வியாழக்கிழமையும் இல்லை. காலையில் லேப்டாப்பைத் திறப்பாள், வரிசையைப் பார்ப்பாள், மூடிவிட்டு ஹெல்மெட்டை எடுப்பாள். வெள்ளிக்கிழமை ஒரு முழங்கால் தானாகவே கூப்பிட்டது. "என்ன டாக்டரம்மா, இந்த வாரம் திட்டவே இல்லையே? நான் மாடிப்படி ஏறறதை நிறுத்திட்டேன்." சித்தி சிரித்தாள். வாலு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். சித்தி திட்டியிருந்தால்கூடத் தேவலை. சித்தி தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் வாலு வாங்க வேண்டிய திட்டை.

ஹார்ட் டிஸ்க் வாலுவிடம்தான் இருந்தது. அதில் இருநூற்றுப் பதினாலு ஃபோன் நம்பரும் இருந்தன. வாலுவுக்குத் தெரிந்த தொழிலும் ஒன்று இருந்தது: குரல் மாற்றிப் பேசுவது.

என்ன கேட்பது என்றுதான் புரியவில்லை. "ஐயா இருக்காரா?" என்று கேட்டால், சித்தி குத்திய இடத்திலேயே இவளும் குத்துவாள். யாரைப் பற்றியும் கேட்கக் கூடாது. ஆனால் தெரிந்தாக வேண்டும். வாலு ஒரு மணி நேரம் யோசித்தாள். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் வழி பிடிபட்டது.

சனிக்கிழமை காலை, அம்மாவின் பழைய ஃபோனிலிருந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். "வணக்கம். நாங்க செருப்புக் கம்பெனியில இருந்து பேசறோம். சின்ன சர்வே. உங்க வீட்டு வாசல்ல எத்தனை ஜோடி செருப்பு இருக்கு? யார் யாரோடதுன்னு சொன்னாப் போதும்."

சனங்களுக்குத்தான் பேச எவ்வளவு ஆசை! "அஞ்சு ஜோடி. நாலு என் மருமகளோடது. எனக்கு ஒண்ணுதான், அதுவும் பிஞ்சது. இதை நல்லா எழுதிக்கோ," என்றது தோள் 3. "எனக்கு இடது செருப்பு மட்டும் தேயுது, உங்க கம்பெனி அதுக்கு என்ன பண்ணும்?" என்று சண்டைக்கு வந்தது முழங்கால் 20. "இடது காலை இழுக்காம தூக்கி வைங்க சார்," என்று வாலு தன்னை மறந்து சொல்லிவிட்டாள். "அட, எங்க டாக்டரம்மாவும் இதையேதான் சொல்வாங்க!" என்றார் அவர். வாலு அவசரமாக ஃபோனை வைத்தாள்.

தோள் 12 வீட்டில் ஓர் அம்மா எடுத்தாள். "ரெண்டு ஜோடிம்மா."

"யார் யாரோடது?"

"ஒண்ணு என்னோடது." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னொண்ணு யாரும் போடறதில்ல. தினம் துடைச்சு வைக்கறேன். அதையும் கணக்குல சேர்க்கணுமா?"

வாலு மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "சேர்த்துக்கறேன்மா," என்றாள் சொந்தக் குரலில். அன்றைக்கு அதற்குமேல் ஒரு ஃபோன்கூடப் போட முடியவில்லை.

ஞாயிறும் திங்களும் பேசினாள். எடுக்காதவர்களை மறுபடி கூப்பிட்டாள். ரெண்டு நம்பர் மட்டும் உபயோகத்திலேயே இல்லை; அவர்களை நடமாடுகிறவர்களோடு சேர்த்துவிட்டாள். ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தாள். பதினெட்டு ஆயிற்று. கடைசியாக இடுப்பு 9. ஒரு கரகரத்த கிழட்டுக் குரல் எடுத்தது. முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "செருப்பா? அதைப் போடற ஆள் போய்ச் சேர்ந்தாச்சு. இந்த வீட்டுக்கு ஒண்ணும் வேணாம். வை ஃபோனை!"

பத்தொன்பது. கணக்கு சரியாக வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை சித்தி கிளினிக்குக்குப் போனதும் வாலு மாடிக்குப் போய், லேப்டாப்பைத் திறந்து, ஒவ்வொன்றாக இழுத்து வைத்தாள். ஃபைலில் இருந்த தேதியைப் பார்த்து, இந்த வாரத்து ஆட்கள் இடது ஓரம். நடமாடுகிறவர்கள் நடுவில். பத்தொன்பது பேரை வலது ஓரத்துக்குக் கொண்டுபோனபோது, அவர்களுக்கு வலித்துவிடுமோ என்கிற மாதிரி மெதுவாகக் கொண்டுபோனாள்.

"சித்தி, ஒரு சாஃப்ட்வேர் கிடைச்சுது. பழைய இடத்தையெல்லாம் அப்படியே மீட்டுடுச்சு," என்றாள் சாயங்காலம்.

சித்தி திரையைப் பார்த்தாள். வலது ஓரத்தை மேலிருந்து கீழே விரலால் எண்ணிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. வாலுவை இழுத்து அணைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். வாலுவுக்கு அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இல்லை. பொய்யின் மேல் பொய் வைத்து வாங்கிய அணைப்பு, அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி எங்கேயோ இடித்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டர் வந்து நின்றது. சித்தி மாடிக்குப் போகாமல், ஹெல்மெட்டும் கையுமாக நேராகக் கீழ் வீட்டுக்குள் வந்தாள். இன்னொரு கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். நாற்காலியை இழுத்து வாலுவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"வலது ஓரத்துல இடுப்பு ஒன்பது இருந்துது பார்த்தியா?"

"ம்."

"அந்த மனுஷன் செத்ததே எனக்கு ஞாபகம் இல்லடி. போனேனா, போகலையா, எதுவுமே ஞாபகம் இல்ல. எனக்கு மூளை கலங்கிடுச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். ரெண்டு நாளா தூக்கம் இல்ல. இன்னைக்கு அவர் வீட்டம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேக்கலாம்னு இந்தப் பழத்தை வாங்கிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுட்டுப் போய் பெல் அடிச்சேன். யாரு திறந்தாங்கன்னு நினைக்கறே?"

"யாரு?"

"அவரேதான். 'வாங்க டாக்டரம்மா, ஏன் எழவு வீட்டுக்கு வர்ற மாதிரி வர்றீங்க'ன்னார். நான் அங்கேயே வாசப்படியில உட்கார்ந்துட்டேன். அப்புறம் டீ கொடுத்து சொல்றார். யாரோ ஒரு பொண்ணு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு செருப்பு விக்கக் கூப்பிட்டுச்சாம். விக்கற ஃபோன் வந்தா எப்பவும் அவர் செத்துப்போயிடுவாராம். இந்த மாசத்துல மட்டும் நாலு தடவை."

வாலு ஆப்பிள் பையைப் பார்த்தாள்.

"அந்த சாஃப்ட்வேர் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுமோ?"

"சித்தி…"

"இரு. கிளினிக்ல நாலு கம்ப்யூட்டருக்கு இதே சிஸ்டத்தைத்தான் ஏத்தினாங்க. இன்னைக்கு அந்தக் கம்ப்யூட்டர் பசங்ககிட்டப் போய்க் கேட்டேன். ஒரு ஐகான்கூட நகரலையாம்." சித்தியின் குரல் உயரவே இல்லை. அதுதான் வாலுவால் தாங்க முடியவில்லை. "எப்படிடி கலைஞ்சுது?"

"கை தவறிப் போச்சு சித்தி. சத்தியமா. காப்பி ஆகறப்போ சும்மா உட்கார்ந்திருந்தேன். கை தவறிடுச்சு."

"தவறிடுச்சு."

"ஆமா."

"அதையும் அந்தப் பசங்களையே செய்து காட்டச் சொல்லிப் பார்த்துட்டு வந்தேன்." சித்தி ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். "முதல்ல வலது பட்டனை அமுக்கணும். ஒரு பட்டியல் வரும். அதுல வரிசைப்படுத்துங்கறதுக்குப் போகணும். பக்கத்துல இன்னொரு பட்டியல் வரும். அதுல பெயருங்கறதை அமுக்கணும். மூணு இடம். ஒரு தடவை தவறினா அது கை. அடுத்தடுத்து மூணு தடவை, மூணும் சரியான இடத்துல தவறுதுன்னா அது என் கேஸு."

அந்தப் பெரிய கட்டைவிரல் முன்னால் நீண்டது.

"எந்தக் கை? நீட்டு, பார்ப்போம்."

வாலு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.